காற்று மாதத்தில் அலுமாரியைத் திறங்கள்

உடுப்பு அடுக்குவது பற்றிய வீடியோக்கள் இப்போது எல்லாருடைய ஃபோனிலும் ஓடுகின்றன. கோடை முடிந்ததும் பருத்தி உடுப்பைச் சுருட்டிப் பெட்டியில் போடுங்கள், குளிர் தொடங்கியதும் ஸ்வெட்டரை எடுத்துத் தொங்கவிடுங்கள் என்கிறார்கள். ஊவாவின் பசறையில் இருந்துகொண்டு அதை அப்படியே செய்தால், தைப்பொங்கலுக்குப் பெட்டியைத் திறக்கும்போது வெள்ளைச் சட்டையெல்லாம் கறுப்புப் புள்ளி போட்டிருக்கும். எங்கள் ஊருக்குக் கோடை, குளிர் என்ற கணக்குச் சரிவராது. இங்கே வருடத்துக்கு இரண்டே காலம்: காற்று, மழை.

மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைச்சரிவில் மோதுகிறது. கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை எல்லாம் நனைகின்றன. ஈரத்தை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு மலைமுகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும் காற்று, உலர்ந்து சூடேறி வருகிறது. அதுதான் கச்சான். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நமுனுகுல மலையைச் சுற்றி அது அடிக்கிற அடியில் வாழை இலை நார்நாராகக் கிழியும். தகரக் கூரைக்கு மேல் கல் ஏற்றாத வீட்டில் இரவு தூங்க முடியாது. ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பெயர் வாங்கித் தந்ததும் இதே காற்றுதான். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் பறிக்கும் கொழுந்தில் ஏறும் அந்தக் குளிர்ந்த, புதினா போன்ற வாசத்துக்காகவே வெளிநாட்டார் காத்திருந்து வாங்குகிறார்கள். தேயிலைக்கு இந்தக் காற்று என்ன செய்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். வீட்டுத் துணிக்கு அது என்ன செய்யும் என்பதை நான் எங்கும் வாசித்ததில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

ஒக்டோபரில் பின்னேர இடிமழை தொடங்கும். நவம்பர், டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை. ஜனவரி முழுக்கத் தூறலும் மூடுபனியும். இந்த மாதங்களில் கொடியில் போட்ட சேர்ட் மூன்று நாளானாலும் கழுத்துப்பட்டியில் ஈரம் வைத்திருக்கும். ஹட்டனில் இருக்கும் சித்திக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். அவர் ஜூனில் ஃபோன் எடுத்து, "துணி காயமாட்டேங்குது புள்ள, பஸ்ஸுல குடுத்து அனுப்பவா, அங்கன காயப்போட்டு அனுப்புறியா?" என்று கேட்பார். ஆகவே மலையகம் முழுவதற்கும் ஒரே நாட்காட்டி போட முடியாது. மலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதுதான் முதல் கேள்வி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உடுப்பை மடிக்கிற விதம், அடுக்குகிற விதம், நிறம் நிறமாகப் பிரிப்பது எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஈரக்காடான ஊரில் அலுமாரியைக் காப்பாற்றுவது துணி எவ்வளவு உலர்ந்து உள்ளே போகிறது என்பதுதான். உலர்த்துவதற்கு எங்களுக்கு வருடத்தில் ஒரு தவணை இருக்கிறது. அதைத் தவறவிடக் கூடாது.

அந்தத் தவணையில் ஒரு சிக்கல் உண்டு. நல்ல காற்று அடிக்கும் மாதங்களில்தான் தண்ணீர் வற்றும். ஜூலை நடுவில் பீலியில் தண்ணீர் விரல் பருமனுக்கு வந்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் வரிசையில் வாளி வைக்கிற நேரத்தில் யார் போர்வை அலசுவது? அதனால் கனமான துணிகளைத் துவைப்பதற்கு வெசாக் முடிந்து மழை ஓய்ந்த அந்தச் சில கிழமைகள்தான் சரி. சித்திரை மழையின் தண்ணீர் பீலியில் இன்னும் கொட்டிக்கொண்டிருக்கும். காற்றும் மெல்ல எழும்பத் தொடங்கியிருக்கும். போர்வை, ஸ்வெட்டர், ஜாக்கெட், தடித்த பெட்ஷீட், மெத்தை உறை எல்லாம் அப்போதே சவர்க்காரம் பார்த்துவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் துவைக்கத் தேவையில்லை. இருப்பதை எல்லாம் வெளியே எடுத்துக் காற்றில் போட்டாலே போதும். துவைப்பதற்கு ஒரு காலம், உலர்த்துவதற்கு ஒரு காலம் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் இந்த வேலை பாதியாகக் குறையும்.

நான் லயத்தில் வளர்ந்தவள். லயக் காம்பராவில் அலுமாரி என்பது பிறகு வந்த பொருள். ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் அடுப்பங்கரை. பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். அந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது; காற்று முன்வாசலால் வந்து முன்வாசலாலேயே திரும்ப வேண்டும். சுவருக்கும் சுவருக்கும் இடையில் கட்டிய ஒரு கொடி, கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி, கூரைக்குக் கீழே பலகை போட்ட அட்டல். குடும்பத்தின் உடுப்பு முழுவதும் இந்த மூன்று இடங்களில் இருந்தது. தினமும் உடுத்துவது கொடியில். நல்லது கெட்டதுக்கு உடுத்துவது பெட்டியில். போர்வையும் பழைய துணியும் அட்டலில். விடியற்காலையில் தகரக் கூரையின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். எந்தப் பொருளை எங்கே வைத்தால் சொட்டுப் படாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அட்டலில் ஒரு பாதி அடுப்புக்கு நேர் மேலே வரும். அங்கே விறகு காயும். விறகுக்குப் பக்கத்தில் போர்வை மூட்டையும் இருக்கும். அடுப்புச் சூடும் புகையும் ஏறுவதால் அந்த மூட்டையில் பூஞ்சணம் பிடித்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் புகை நாற்றம் துணியோடு ஒட்டிக்கொள்ளும். தோட்டத்துப் பிள்ளை டவுன் பாடசாலைக்குப் போனதும் அந்த மணம்தான் அவளுக்கு முன்னால் வகுப்புக்குள் நுழையும். பக்கத்தில் இருந்த பிள்ளை மூக்கைச் சுருக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்ததை நான் மறக்கவில்லை. உடுப்பு அடுக்குவதை அழகு விஷயமாக மட்டும் பேசுகிறவர்களுக்கு இது தெரியாது. சட்டையில் புகை மணமோ, ஊத்தை மணமோ, பூஞ்சண மணமோ இல்லாமல் ஒரு பிள்ளை வகுப்பில் நிமிர்ந்து உட்காருவது பெரிய காரியம். அம்மா அதற்காகவே வெள்ளைச் சீருடையை மட்டும் அடுப்புப் பக்கம் விடமாட்டார். இரவு படுக்கும்போது அதைத் தன் தலைமாட்டில், சுத்தமான சீலையில் சுற்றி வைத்திருப்பார்.

ஸ்டோரில் வேலை செய்தவர் அப்பா. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். உலர்த்தியிலிருந்து வெளியே வரும் தேயிலையில் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஈரம் இழுத்தால் தூள் பழுதாகும், பூஞ்சணம் பிடிக்கும், ஏலத்தில் போகாது. சூடு ஆறாமல் மூடினாலும் உள்ளே வியர்த்துவிடும். வீட்டில் துணி எடுத்து வைக்கும்போதும் அவர் இதையே சொல்வார்: "நல்லாக் காயவை, நல்லா ஆறவை, அப்புறமா மூடு." வெயிலில் கிடந்த துணியைச் சூட்டோடு சுருட்டி அலுமாரிக்குள் தள்ளுகிறவர்கள் இந்த இரண்டாவது படியைத் தாண்டிவிடுகிறார்கள். நிழலில் அரை மணி நேரம் விரித்துப் போட்டு, கை வைத்தால் குளிர்ந்திருக்கும்போதுதான் மடிக்க வேண்டும். அயர்ன் பண்ணிய உடுப்புக்கும் இதே விதி.

எங்கள் வீட்டில் இருந்த மிக நல்ல உடுப்புப் பெட்டியும் ஸ்டோரிலிருந்து வந்ததுதான். பழைய தேயிலைப் பெட்டி. மூன்று மடிப்புப் பலகை, ஓரங்களில் தகரப் பட்டி, உள்ளே ஈயத்தாள் போன்ற அலுமினியத் தாள். கொழும்பிலிருந்து லண்டன் வரை கடல் ஈரத்தில் போகும் தேயிலையைக் காப்பாற்றச் செய்த பெட்டி, ஒரு பட்டுச் சீலையைக் காப்பாற்றாதா? அந்தக் காலத்தில் இந்தப் பலகை ஐரோப்பாவிலிருந்து வந்தது. தேயிலைப் பெட்டிக்குப் பெயர்போன வெனஸ்டா கம்பெனியின் பலகை எஸ்தோனியாவில் செய்யப்பட்டது. 1907-இல் அந்தாட்டிக்காவுக்குப் போன துருவப் பயணி ஷாக்கிள்டன் தன் சாமான்களை வெனஸ்டா பெட்டிகளில்தான் கட்டிக்கொண்டு போனார். அங்கே பனிக்குள் இருந்து அவர்கள் அச்சடித்த புத்தகத்துக்கு அட்டையும் அந்தப் பெட்டிப் பலகையே. பிறகு எங்கள் நாட்டில் கிந்தோட்டைத் தொழிற்சாலையிலும் தேயிலைப் பெட்டிக்குப் பலகை செய்தார்கள். தேயிலை காகிதச் சாக்குக்கு மாறிய பிறகு அந்தப் பெட்டிகள் அருகிவிட்டன. யாராவது வீட்டில் தாள் கிழியாத பெட்டி ஒன்று விறகோடு கிடந்தால், தயவுசெய்து எரித்துவிடாதீர்கள்.

இப்போது எல்லாரும் கட்டுக்காசுக்கு வாங்குவது அட்டைப்பலகை அலுமாரி. பார்க்க அழகாக இருக்கிறது. இரண்டு மழைக்காலம் போனதும் அடிப்பலகை ஊதி, கதவு மூடாமல் நிற்கும். வாங்கியவர்கள் அதைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. நான்கு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்துங்கள். சுவரில் முட்டவிடாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அதிலும் மண்ணோடு ஒட்டிய பின்சுவர்ப் பக்கம் வேண்டவே வேண்டாம். மலையை வெட்டிக் கட்டிய வீடுகளில் அந்தச் சுவர் மழைக்காலம் முழுக்கக் கசிந்துகொண்டே இருக்கும். இரும்பு அலுமாரிக்கு ஊதும் பிரச்சினை இல்லை. ஆனால் குளிர்ந்த காலையில் தகடு வியர்க்கும். தகட்டில் ஒட்டிய துணியில் துருக்கறை ஏறினால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. உள்ளே பழைய பருத்திச் சீலை ஒன்றை விரித்து, அதன் மேல் அடுக்க வேண்டும்.

கம்பளியைப் பற்றிச் சொல்லாமல் போனால் அம்மாயி மன்னிக்கமாட்டார். தலையிலிருந்து முதுகு வரை மூடும் அந்தக் கறுப்புக் கம்பளிதான் மழையில் கொழுந்து பறிக்கப் போன எங்கள் பெண்களுக்குக் குடை. இடுப்பைச் சுற்றிப் படங்கு, தலையில் கம்பளி, முதுகில் கூடை. கம்பளி இந்தியாவிலிருந்து வரும். தோட்டம் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். ஆட்டு ரோமத்துக்கு ஒரு குணம் உண்டு. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரம் குடித்த பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. மழையில் அது பெரிய வரம். பெட்டிக்குள் அது பெரிய ஆபத்து. காய்ந்துவிட்டது என்று கை சொல்லும். உள்ளே ஈரம் இருக்கும். அம்மாயி கச்சான் அடிக்கும் நாளில் கம்பளியைக் கொய்யா மரத்துக் கொப்பில் போட்டு, காலையில் ஒரு பக்கம், பின்னேரம் ஒரு பக்கம் திருப்பி, அடுத்த நாளும் போடுவார். "ஒரு நா காஞ்சா தோலு காயும், ரெண்டாம் நாதான் உசுரு காயும்" என்பார். உண்மையான ரோமத்தில் செய்த சால்வை, போர்வை, ஸ்வெட்டர் எது உங்களிடம் இருந்தாலும் இந்த இரண்டு நாளைக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் இப்போது எங்கள் கையில் இருக்கும் ஸ்வெட்டர்களில் ரோமம் எங்கே இருக்கிறது? நுவரெலியாவின் பேல் கடைகளிலும் சந்தைக் கடைகளிலும் வாங்கும் ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் அக்ரிலிக், பொலியெஸ்டர். அந்துப்பூச்சியின் புழு ரோமத்தையும் பட்டையும் தின்னும். சுத்தமான அக்ரிலிக்கை அது தொடாது. ஆகவே எல்லாப் பெட்டியிலும் நப்தலீன் உருண்டை போடத் தேவையே இல்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிற வீடுகளில் அந்த உருண்டையின் ஆவியை இரவு முழுக்க இழுப்பது நல்லதும் இல்லை. முக்கியமாக, பிறந்த குழந்தையின் துணியை, தொட்டில் சீலையை, போர்வையை நப்தலீனோடு வைக்கவே கூடாது. சில குழந்தைகளின் இரத்தத்தில் பிறவியிலேயே உள்ள ஒரு குறையால், அந்த ஆவி பட்டதும் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சட்காமாலை வரலாம். முதல் பிள்ளையின் துணியை அடுத்த பிள்ளைக்கு எடுத்து வைக்கும் பழக்கம் எங்களிடம் அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

அதற்குப் பதிலாக என்ன வைப்பது? எங்கள் வீட்டில் பெட்டியின் அடியில் காய்ந்த மானாப்புல் ஒரு படுக்கை போடுவோம். ஊவாப் புல்வெளிகளில் தானாக வளர்வது. தேயிலையைப் பிடுங்கி மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்றுவதற்கென்று தோட்டங்களே நடுவதும் உண்டு. சித்திரநெல்லா இனத்தைச் சேர்ந்த புல் என்பதால் காய்ந்த பிறகும் மணம் நிற்கிறது. வேப்பிலை கிடைப்பவர்கள் அதை வைக்கலாம். இவை பூச்சியைக் கொல்லும் என்று நான் சொல்லமாட்டேன். காற்றும் வெயிலும் பட்டு, வியர்வைக் கறை இல்லாமல் போகும் துணிக்குத் துணையாக இருக்கும். ஈரம் இழுக்க அடுப்புக்கரி. ஒரு பழைய சொக்ஸில் போட்டுக் கட்டி மூலையில் வைத்து, மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் எடுத்துக் காயவைத்தால் திரும்பத் திரும்ப உதவும். பொலித்தீன் பையில் துணியைக் கட்டி வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் கொஞ்ச ஈரத்தையும் அது வெளியே விடாது. கஞ்சி போட்ட சேர்ட்டையும் அப்படியே மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. பூஞ்சணத்துக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் கஞ்சிதான் சோறு.

பட்டுச் சீலைகளுக்கு எங்கள் நாட்காட்டி தானாகவே உதவுகிறது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக்களும் கதிர்காமப் பயணமும் ஆடியை ஒட்டி வருகின்றன. அடுத்து ஆவணியில் கலியாணங்கள். பட்டு வெளியே வருவதும் காற்று அடிப்பதும் ஒரே மாதத்தில். உடுத்திவிட்டு வந்த இரவே மடித்து வைத்துவிடாமல், நிழலில் ஒரு பகல் முழுக்கக் காற்றாட விடுங்கள். வெயில் வேண்டாம், நிறம் போகும். பழைய மடிப்பிலேயே மடிக்காமல் மடிப்பை மாற்றிப் போடுங்கள், சரிகை முறியாது. வெளுத்த வேட்டித் துண்டில் சுற்றி, அடுக்கின் மேலே வையுங்கள்.

தீபாவளி உடுப்புத்தான் கஷ்டம். முற்பணம் கைக்கு வந்து, பதுளைக்கோ பசறை டவுனுக்கோ போய்ப் புடவைக்கடை ஏறி வாங்குவது மழை பிடித்த பிறகு. வருடத்தின் மிகப் புதிய உடுப்பு, வருடத்தின் மிக ஈரமான மாதத்தில் வீட்டுக்குள் வருகிறது. ஒரு நாள் உடுத்தியதும் பொங்கலுக்கு என்று பெட்டிக்குள் போய்விடும். பிள்ளை ஒரு பகல்தான் போட்டாள், அழுக்கில்லை என்று அப்படியே வைப்பதுதான் புள்ளி விழக் காரணம். பலகாரப் பிசுக்கும் வியர்வையும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். உடனே துவைக்க வேண்டும். காயாவிட்டால் பெட்டிக்குள் வைக்காமல் காம்பராக் கொடியிலேயே ஹேங்கரில் தொங்கட்டும். பொங்கல் வரைக்கும் தொங்கினாலும் ஒன்றும் குறையாது. மழைக்காலத்தில் எதையும் மூடி வைக்காமல் தொங்கவிடுவதே நல்லது.

வெள்ளைச் சீருடையில் புள்ளி விழுந்துவிட்டால், புதிதாக இருக்கும்போதே தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி வெயிலில் போடுங்கள். அடுத்த கிழமை பார்க்கலாம் என்று விட்டால் நூலுக்குள் இறங்கிவிடும்.

இனிச் சொல்லப்போவது அலுமாரிக்குள் அடங்காத விஷயம். மழைக்காலத்தில் பசறைப் பகுதிக்கு மண்சரிவு எச்சரிக்கை வருவது எங்களுக்கு வருடாந்த நடப்பு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. இரவில் வெளியேறியவர்கள் உடுத்திய உடுப்போடு நின்றார்கள். அதனால் செப்டம்பர் கடைசியில் அலுமாரியை மாற்றி அடுக்கும்போது ஒரு பையையும் கட்டுங்கள். ஆளுக்கு ஒரு மாற்று உடுப்பு, உள்ளாடை, ஒரு துவாய், பிள்ளைகளுக்கு ஒரு ஸ்வெட்டர், பெண்களுக்கு மாதவிலக்குத் துணி அல்லது பேட், ஒரு தடித்த போர்வை, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ். இந்த ஒன்றுக்கு மட்டும் பொலித்தீன் உறை வேண்டும். ஆனால் அதையும் மாதத்துக்கு ஒரு முறை பிரித்துக் காற்றுப்பட விடுங்கள். பிள்ளை வளர்ந்திருந்தால் அளவு பார்த்து மாற்றுங்கள். பை கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்க வேண்டும், அலுமாரியின் மேல் அல்ல.

இடம்பெயர்ந்தவர்கள் தங்கும் முகாம்களுக்குத் துணி கொடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூட்டையில் ஈரத்துணி ஒன்று இருந்தால் போதும், போய்ச் சேர்வதற்குள் மற்றதெல்லாம் பூத்துவிடும். துவைத்து, காய்ந்து, பொத்தான் தைத்த உடுப்பைக் கொடுங்கள். உள்ளாடையும் பிள்ளைகளின் பாடசாலை வெள்ளைச் சட்டையும் எப்போதும் போதாமல் போகிறவை. அவற்றைப் புதிதாக வாங்கிக் கொடுங்கள்.

கடைசியாக வீடு. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்று இப்போது பல தோட்டங்களில் கட்டுகிறார்கள். நல்ல காரியம், நூற்றைம்பது வருடத்துக்கும் மேலான லயத்து வாழ்க்கையிலிருந்து வெளியே வர எங்கள் மக்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் நான் போய்ப் பார்த்த வீடுகளில் மழை நாளில் துணி காயப்போட ஓர் இடம் இல்லை. எல்லாரும் பிறகு தகரம் வாங்கி, கம்பு நட்டு, பக்கவாட்டில் ஒரு பத்தி இறக்கிக்கொள்கிறார்கள். அத்திவாரம் வெட்டும்போதே மேசன் பாஸிடம் கேட்டுவிடுங்கள்: காற்று வரும் பக்கம் கூரையை இன்னும் நான்கு அடி நீட்ட முடியுமா, அதன் கீழே இரண்டு கம்பி கட்டக் கொக்கி வைக்க முடியுமா, படுக்கையறையின் உட்சுவரில் பலகைத் தட்டு ஒன்று விட முடியுமா. வெளிச்சுவரில் வேண்டாம், அது நனையும். கூரையைப் போட்ட பிறகு கேட்டால் இரட்டிப்புச் செலவு.